பணம் வேலையை முந்தக் கூடாது: கூலிம் வட்டாரக் குடியிருப்பாளர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்



கூலிம் ஹைடெக் பூங்கா 1996இல் நாட்டின் முதல் உயர் தொழில்நுட்பத் தொழிற்பேட்டையாகத் திறக்கப்பட்ட பின், அதுவரை ஈயத்தையும் ரப்பரையும் நம்பி வாழ்ந்த தென் கெடாவில் தோட்ட நிலங்கள் துண்டாடப்பட்டுத் தாமான்கள் எழுந்தன. மரம் சீவியவர்களின் பிள்ளைகள் பூங்காவின் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்து, வங்கிக் கடன் பெற்று, குடும்ப வரலாற்றில் முதன்முறையாகச் சொந்த வீட்டுக்காரர்களாயினர். அந்த வீடுகளில் பல இப்போது இருபது, இருபத்தைந்து வயதைக் கடந்துவிட்டன. கூரை ஒழுகுகிறது, குளியலறைத் தளம் கசிகிறது, பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் சமையலறை போதவில்லை. ஆகவே தாமான்தோறும் ஏதாவதொரு வீட்டு வாசலில் மணல் கொட்டிக் கிடக்கிறது. அந்த மணற்குவியல்களில் சில மாதக்கணக்கில் கிடந்து புல் முளைப்பதும், முன்பணம் வாங்கிய குத்தகையாளர் தொலைபேசியை எடுக்காமல் விடுவதும் இவ்வட்டாரத்தில் யாருக்கும் புதிய செய்தியல்ல. இத்தகைய ஏமாற்றிலிருந்து வீட்டுக்காரரைக் காக்கும் வாய்ப்பு நீதிமன்றத்துக்கும் காவல் துறைக்கும் இருப்பதைவிடக் குடியிருப்பாளர் சங்கங்களுக்கே அதிகம் என்பதும், அதற்கான வழி பணம் ஒருபோதும் வேலையை முந்தாதபடி பார்த்துக்கொள்வதே என்பதும் இம்மடலின் வாதம்.

இச்சிக்கலுக்கு ஒரு வரலாறு உண்டு. தோட்டத்து லயன் வீடு நிர்வாகத்தின் சொத்தாக இருந்ததால் ஓடு உடைந்தாலும் கதவு இற்றாலும் கிராணியிடம் சொல்வதோடு குடும்பத்தின் பொறுப்பு முடிந்தது. தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரத்தை வகுத்த 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டமும் பராமரிப்புக் கடமையை முதலாளியின் மீதே வைத்தது. நிர்வாகங்கள் அக்கடமையை ஒழுங்காகச் செய்தனவா என்பது வேறு கதை. ஆனால் அந்த ஏற்பாட்டின் விளைவாக, ஒரு வேலைக்கு விலை பேசுவது, அதைத் தாளில் எழுதுவது, பாதி வேலையில் நின்று தரத்தைச் சரிபார்ப்பது ஆகிய பழக்கங்கள் ஒரு தலைமுறை முழுவதற்கும் தேவைப்படாமலே போயின. தாமானுக்கு வந்த பிள்ளைகள் நிர்வாகத்தைத் தோட்டத்திலேயே விட்டு வந்தனர். அதன் இடத்தில் நின்று குத்தகையாளரிடம் பேரம் பேச வேண்டியவர், சீரமைப்புத் தொழிலைப் பற்றி ஒன்றும் அறியாத, இரவு ஷிப்ட் முடிந்து பகலில் உறங்கும் தனி வீட்டுக்காரர் ஆனார். 2024 மே மாதம் ஊழியர் சேமநிதியில் எந்நேரமும் எடுக்கக்கூடிய நெகிழ்வுக் கணக்கு உருவானதிலிருந்து, அவர் கையில் முன்பணம் கொடுக்கும் அளவுக்குப் பணமும் எளிதில் வந்து சேர்கிறது.

ஏமாற்றும் குத்தகையாளர் என்றதும் பணத்தை வாங்கிக்கொண்டு அன்றிரவே ஊரைவிட்டு ஓடுபவரைத்தான் பலரும் நினைக்கின்றனர். அத்தகையோர் இருக்கின்றனர், முகநூலில் மலிவு விலைக் கூரை விளம்பரம் போட்டு, நிறுவனத்தின் பெயரில் இல்லாத தனியார் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்பவர்கள் பெரும்பாலும் இவ்வகையினரே. இத்தகையோரின் கணக்கு எண்ணைக் காவல் துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் தட்டிப் பார்த்தால், அதன் மீது ஏற்கெனவே புகார் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். ஆனால் இவர்களைவிட அதிகச் சேதம் விளைவிப்பவர் உள்ளூரிலேயே இருக்கிறார், கோயில் திருவிழாவில் முன்வரிசையில் நிற்கிறார், தொடக்கத்தில் யாரையும் ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணமும் அவருக்கு இருப்பதில்லை. முதல் வீட்டில் வாங்கிய முன்பணத்தை லாரித் தவணைக்குக் கட்டிவிட்டு, இரண்டாம் வீட்டின் முன்பணத்தில் முதல் வீட்டுக்குச் சிமெண்டு வாங்கி, மூன்றாம் வீட்டின் முன்பணத்தில் இரண்டாம் வீட்டு ஆட்களுக்குக் கூலி கொடுத்து ஓட்டுபவர் அவர். புதிய வேலைகள் வந்துகொண்டிருக்கும் வரை இச்சுழற்சி நிற்காது. ஒரு மாதம் வேலை வராமல் போனால் கூலி கிடைக்காத, ஓடு பதிக்கும் தொழிலாளர்கள் கருவிகளைத் தூக்கிக்கொண்டு வேறிடம் போய்விடுகின்றனர். மூன்று வீடுகளும் ஒரே நாளில் பாதியில் நிற்கின்றன. இவரைத் திருடர் என்று சொல்ல மனம் வருவதில்லை. ஆனால் கதவில்லாத சமையலறையோடு மழைக்காலத்தைக் கழிக்கும் குடும்பத்துக்கு அவருடைய எண்ணம் எப்படி இருந்தது என்பதால் எந்த ஆறுதலும் இல்லை.

இரண்டாவது வகை ஏமாற்று பணத்தில் அன்று, சிமெண்டுக்கு அடியில் நடப்பது. தாமான்களில் மிகுதியாக நடக்கும் சீரமைப்பான பின்பக்கச் சமையலறை நீட்டிப்பைச் சற்று அருகில் சென்று பார்த்தால் இது விளங்கும். மேம்பாட்டாளர் கட்டிய மூல வீட்டின் அடித்தளம் பொறியாளரின் கணக்குப்படி போடப்பட்டது. பின்பக்கக் காலியிடமோ பெரும்பாலும் பள்ளத்தில் மண் கொட்டி நிரப்பிய இடம். நிரப்பிய மண் ஆண்டுக்கணக்கில் கீழே அமிழ்ந்துகொண்டே இருக்கும். ஆகவே புதிய பகுதியின் பாரத்தைக் கெட்டியான மண் வரை இறக்க, பக்காவ் மரக்கட்டைகளையோ சிறு கான்கிரீட் தூண்களையோ அடித்து இறக்க வேண்டும். இதையே பைலிங் என்கின்றனர். இச்செலவைத் தவிர்க்க விரும்பும் குத்தகையாளர் மண்ணைச் சமன்படுத்தி, இரும்புக் கம்பிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, நேரே கான்கிரீட்டை ஊற்றிவிடுகிறார். ஓடு பதித்துச் சாயமும் அடித்தபின், பைலிங் செய்த சமையலறைக்கும் செய்யாத சமையலறைக்கும் இடையே வேறுபாடு எதுவும் தெரியாது. ஓராண்டோ இரண்டாண்டோ கழித்துப் பழைய சுவரும் புதிய சுவரும் சந்திக்கும் இடத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் கிளம்பி, மெல்ல விரல் நுழையும் அளவுக்கு அகலமாகி, அதன் வழியே மழைநீர் இறங்கத் தொடங்கும்போதுதான் உண்மை வெளிப்படும். அதற்குள் கடைசி ரிங்கிட் வரை கொடுத்தாகிவிட்டது.

குளியலறையிலும் இதே கதைதான். ஓட்டுக்கு அடியில் பூச வேண்டிய நீர்க்காப்புப் பூச்சை இரண்டு முறை பூசினாரா, ஒரு முறையா, பூசவே இல்லையா என்பதை ஓடு பதித்த பின் எவராலும் கண்டறிய முடியாது. பூச்சு காய்ந்ததும் நீர் வெளியேறும் துளையை அடைத்து, தளத்தில் தண்ணீரைத் தேக்கி, ஒரு முழுநாள் கழித்துக் கீழ்த்தளத்து விட்டத்தைப் பார்ப்பதே இதற்குச் சோதனை. அதற்குச் செலவே இல்லை, ஒருநாள் பொறுமை மட்டும் வேண்டும். மறைந்து போகும் எந்த வேலையையும், அதாவது கட்டை, கம்பி, குழாய், மின்கம்பி, நீர்க்காப்பு ஆகியவற்றை, மூடுவதற்கு முன் பார்க்கும் உரிமையும் படம் எடுக்கும் உரிமையும் வீட்டுக்காரருக்கு உண்டு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் போதும். நேர்மையான குத்தகையாளர் எவரும் அதை மறுக்கமாட்டார்.

இந்த இடத்தில், உறுப்பினர்களில் புது வீடு வாங்கிய பெரும்பாலோர் அறியாமலே ஒருமுறை கையெழுத்திட்ட ஓர் ஆவணத்தை நினைவூட்டுவது பொருந்தும். வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் 1989இல் வகுக்கப்பட்ட விதிமுறைகளில், தரையோடு கூடிய வீடுகளுக்கு உரிய விற்பனை ஒப்பந்தத்தின் வடிவம் 'ஜி' அட்டவணையாக இணைக்கப்பட்டுள்ளது; மேம்பாட்டாளர் தன் விருப்பம்போல் அதை மாற்ற இயலாது. அதன்படி கையெழுத்தின்போது வாங்குபவர் கொடுப்பது 10 விழுக்காடு மட்டுமே. அதன் பின் அடித்தளம், சுவர், கூரை எனக் கட்டங்கள் முடிந்ததாகக் கட்டடக் கலைஞரோ பொறியாளரோ சான்றளித்தால்தான் அடுத்தடுத்த தவணைகள் வெளியேறும். கடைசி 5 விழுக்காடு மேம்பாட்டாளரின் கைக்கு நேரே போகாமல் வழக்கறிஞரிடம் தங்கியிருக்கும். சாவி கொடுத்த 8 மாதத்தில் அதில் பாதியும், குறைநீக்கக் காலமான 24 மாதம் முடிந்தபின் மீதியும் விடுவிக்கப்படும். அக்காலத்துக்குள் சுவர் வெடித்தால் மேம்பாட்டாளர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும், மறுத்தால் வீடு வாங்குவோருக்கென்றே தனி நடுவர் மன்றம் இருக்கிறது. (புது வீட்டுக்குக் குடியேறியதும் அவசரப்பட்டுச் சுவரை இடித்து மாற்றுபவர்கள், அந்தப் பகுதிக்கான இப்பாதுகாப்பைத் தாங்களே பலவீனமாக்கிக்கொள்கின்றனர் என்பதையும் சொல்லி வைக்க வேண்டும்.)

வீடு விற்கும் பெரிய நிறுவனத்திடம் இத்தனை எச்சரிக்கையாக இருக்கும் சட்டம், அதே வீட்டைப் பின்னர் சீரமைக்க வருபவர் விஷயத்தில் மௌனமாகிவிடுகிறது. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் முன்பணத்துக்கு உச்சவரம்பு கிடையாது. கட்டுமானத் தொழிலில் பணம் கொடுப்பது பற்றிய பிணக்குகளை விரைந்து தீர்க்கவென்றே 2012இல் இயற்றப்பட்ட சட்டமும், ஒரு தனிமனிதர் தாம் குடியிருப்பதற்காகக் கட்டும், நான்கு மாடிக்குக் குறைந்த கட்டடத்துக்குப் பொருந்தாது என்று தன் மூன்றாம் பிரிவிலேயே சொல்லிவிடுகிறது. பிற நாடுகள் இவ்விடைவெளியை வெவ்வேறு வழிகளில் அடைத்துள்ளன. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வீட்டுச் சீரமைப்புக்கு முன்பணமாக ஒப்பந்தத் தொகையில் 10 விழுக்காடு அல்லது 1,000 டாலர், இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் வாங்குவது பொதுவாகச் சட்டவிரோதம். சிங்கப்பூரில் பயனீட்டாளர் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற சீரமைப்பு நிறுவனங்கள், தாங்கள் இடையில் மூடப்பட்டால் வாடிக்கையாளரின் முன்பணத்துக்கு ஈடு செய்யும் உத்தரவாதப் பத்திரம் எடுக்க வேண்டும். இங்கே அத்தகைய விதி வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 'ஜி' அட்டவணையின் உள்ளுறையைச் சீரமைப்புக்கும் கடன் வாங்கிக்கொள்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

எடுத்துக்காட்டாக, 40,000 ரிங்கிட் மதிப்புள்ள நீட்டிப்பு வேலைக்குப் பாதிப் பணத்தை முன்னால் கேட்கும் குத்தகையாளரிடம், கையெழுத்தின்போது 4,000, அடித்தளமும் தரையும் முடிந்ததும் ஒரு பகுதி, சுவரும் கூரையும் எழும்பியதும் ஒரு பகுதி, பூச்சும் மின்கம்பியும் குழாயும் முடிந்ததும் ஒரு பகுதி, எல்லாம் முடிந்து ஒரு மழைக்காலம் கடந்தபின் எஞ்சிய 4,000 என்று எழுதிக்கொள்ளலாம். சரக்கு வாங்கக் கையில் முதல் இல்லை என்று அவர் சொன்னால் அது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும், சிறு குத்தகையாளருக்கு எந்த வங்கியும் எளிதில் கடன் தருவதில்லை. அந்நிலையில் சிமெண்டு, கம்பி, ஓடு ஆகியவற்றை வீட்டுக்காரரே ஹார்ட்வேர் கடையில் தம் பெயரில் ரசீது போட்டு வாங்கிக் கொடுத்து, குத்தகையாளருக்குக் கூலியையும் லாபத்தையும் மட்டும் தவணையில் தருவது இருவருக்கும் நல்லது. இவ்வாறு செய்யும்போது வேலை பாதியில் நின்றாலும் சரக்கு வீட்டிலேயே இருக்கும். முன்பணச் சுழற்சியில் மூழ்கும் ஆபத்திலிருந்து குத்தகையாளரும் தப்புவார்.

ஒப்பந்தம் யாருடன் செய்யப்படுகிறது என்பது அடுத்த கேள்வி. பெயரட்டையில் எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தின் பதிவெண் இருப்பதைப் பார்த்ததும் பலர் நிம்மதியடைகின்றனர். அப்பதிவு ஒரு வணிகப் பெயர் இருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று, திறமைக்கோ நாணயத்துக்கோ அன்று. அதே ஆணையத்தில் சிறு கட்டணம் கட்டித் தகவல் எடுத்தால், அது தனியாள் வணிகமா, தனியார் நிறுவனமா என்பது தெரியும். தனியாள் வணிகத்தின் கடனுக்கு அதன் உரிமையாளரே பொறுப்பு. இரண்டு ரிங்கிட் மூலதனத்தில் தொடங்கப்பட்ட தனியார் நிறுவனமாயின், அதன் பேரில் வெல்லும் வழக்கில் வசூலிக்க ஒன்றும் மிஞ்சாது. திறமைக்கான பதிவு வேறிடத்தில் இருக்கிறது. கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சி.ஐ.டி.பி.யின் 1994ஆம் ஆண்டுச் சட்டம், புதிதாகக் கட்டுவதை மட்டுமின்றிப் பழுதுபார்ப்பு, நீட்டிப்பு, இடிப்பு ஆகியவற்றையும் கட்டுமான வேலையாகவே வரையறுத்து, அதைச் செய்யும் குத்தகையாளர் ஜி1 முதல் ஜி7 வரையிலான தரங்களில் பதிவு பெற வேண்டும் என்கிறது; பதிவில்லாமல் வேலை எடுப்பவருக்கு 10,000 முதல் 1,00,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். வாரியத்தின் இணையப் பதிவேட்டில் எவரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். பதிவு பெற்றவர் எல்லாரும் நல்லவர் என்று பொருளில்லை. ஆனால் இழக்க ஒரு பதிவு இருப்பவர், எதுவும் இல்லாதவரைவிடச் சற்றுக் கவனமாக நடப்பார். கம்பி இழுக்கும் வேலைக்கு எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று பெற்ற மின்பணியாளர்தான் வர வேண்டும் என்பதில் எந்த விட்டுக்கொடுப்பும் கூடாது.

அனுமதி விஷயத்தில் "நான் பாத்துக்குறேன், கவலப்படாதீங்க" என்ற உறுதிமொழியை நம்புவது ஆபத்து. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆம் பிரிவுப்படி, ஊராட்சி மன்றத்தின் எழுத்துமூல அனுமதியின்றிக் கட்டடத்தை எழுப்பவோ மாற்றவோ கூடாது. நோட்டீஸ் வருவது வீட்டுக்காரரின் கதவுக்குத்தான்; இடிக்கும் செலவும் அவருடையதே. பூங்காவின் எல்லைக்குள் தனி ஊராட்சி மன்றமும், கூலிம் நகரத் தாமான்களுக்கு நகராண்மைக் கழகமும் இருப்பதால், விண்ணப்பம் எந்த முகப்புக்குப் போக வேண்டும் என்பதைச் சங்கமே உறுப்பினர்களுக்குச் சொல்லிவிடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏமாற்றம் நேர்ந்தால், செல்ல வேண்டிய இடம் பயனீட்டாளர் உரிமை கோரல் நடுவர் மன்றம். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழ் இயங்கும் இம்மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் 50,000 ரிங்கிட் வரை உரிமை கோரலாம். தொடக்கத்தில் 10,000ஆக இருந்த இவ்வரம்பு 2019இல்தான் இவ்வளவுக்கு உயர்ந்தது. இழப்பு நேர்ந்த 3 ஆண்டுகளுக்குள் கோர வேண்டும். பொதுவாக இரு தரப்பிலும் வழக்கறிஞர் வரக் கூடாது என்பதால், செலவுக்குப் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. இழப்பு வரம்பை மீறினால் மிகுதியைக் கைவிட்டு 50,000த்துக்குள் கோரலாமே தவிர, ஒரே வேலையை இரண்டாகப் பிரித்து இரண்டு முறை கோர இயலாது. சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும், நியாயமான காலத்துக்குள் செய்ய வேண்டும் என்பது, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும், சட்டமே தரும் உத்தரவாதம். தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாதது குற்றமாகும்; அதற்கு அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ உண்டு.

இத்தனை கூர்மையான ஆயுதமும் ஒரு சிறு இடத்தில் மழுங்குகிறது: அழைப்பாணையை எந்த முகவரிக்கு அனுப்புவது? வீட்டுக்காரரிடம் இருப்பது பல நேரங்களில் ஒரு கைப்பேசி எண்ணும் வாட்ஸ்அப் படமும் மட்டுமே. அடையாள அட்டையின்படியான முழுப்பெயர், வணிகப் பதிவெண், முகவரி ஆகிய மூன்றும் முதல் ரிங்கிட்டைக் கொடுக்கும் முன் வாங்கப்பட்டிருந்தால்தான் நடுவர் மன்றத்தின் கை குத்தகையாளரை எட்டும். காவல் துறையில் புகார் கொடுக்கும்போதும் இதே குறை எதிர்ப்படுகிறது. தண்டனைச் சட்டத்தொகுப்பின் 420ஆம் பிரிவு மோசடிக்கு 1 முதல் 10 ஆண்டுச் சிறையும் பிரம்படியும் விதித்தாலும், தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்பதை நிறுவ வேண்டும். நான்கு நாள் வேலை செய்துவிட்டு நிறுத்தியவரிடம் அந்த எண்ணத்தைக் காட்டுவது கடினம் என்பதால், பல புகார்கள் உரிமையியல் விவகாரம் என்ற குறிப்போடு நின்றுவிடுகின்றன. மூன்று வீட்டுக்காரர்கள் ஒரே குத்தகையாளர் மீது ஒரே வகைப் புகாரைச் சேர்ந்து கொடுத்தால், அந்த எண்ணத்துக்கான சான்று அங்கேயே கூடிவிடுகிறது. தனி வீட்டுக்காரரால் இயலாத இவ்வேலை சங்கத்தால் இயலும்.

சங்கங்கள் வாட்ஸ்அப் குழுவில் பெயர் போட்டுத் திட்டுவதோடு நின்றுவிடுகின்றன. அது ஆத்திரத்தைத் தணிக்கும், சில நேரம் அவதூறு வழக்கையும் கொண்டுவரும். அதைவிடப் பயனுள்ளது முடிந்த வேலைகளின் பதிவேடு. எந்த வீட்டில், எந்த வேலையை, யார், எத்தனை ரிங்கிட்டுக்கு எடுத்தார், எழுதிய தேதி எது, முடித்த தேதி எது, ஓராண்டு கழித்து விரிசலோ ஒழுகலோ உண்டா என்ற விவரங்கள் மட்டும் அதில் இருந்தால் போதும், வசைமொழி வேண்டாம். "நம்ம ஆளு, கோயில் கமிட்டியில இருக்காரு" என்ற பரிந்துரைக்கு இதுவரை இருந்துவந்த மதிப்பை இப்பதிவேடு மெல்லக் குறைக்கும். கமிட்டியில் இருப்பவர் நல்ல வேலைக்காரராகவும் இருந்தால் பதிவேடே அதைச் சொல்லிவிடும். இன்னொன்று, ஆட்களைப் பற்றியது. பூங்காவின் ஆலைகளில் பல்லாண்டு தரப் பரிசோதனையும் பராமரிப்பும் செய்து ஓய்வு பெற்ற தொழில்நுட்பர்கள் ஏறத்தாழ எல்லாத் தாமான்களிலும் உள்ளனர். மூடுவதற்கு முன் கம்பியை எண்ணிப் பார்க்கவும், குளியலறையில் தேக்கிய தண்ணீரின் மட்டத்தைக் குறித்துவைக்கவும் அவர்களில் இருவர் இசைந்தால், ஷிப்டில் இருக்கும் வீட்டுக்காரரின் கண்களாக அவர்கள் செயல்படலாம். அவர்கள் பொறியாளருக்கு மாற்று அல்லர். தூணை எடுப்பதோ மாடி எழுப்புவதோ இருந்தால் தகுதி பெற்ற பொறியாளரின் வரைபடம் கட்டாயம் வேண்டும்.

எஞ்சியது ஒப்பந்தப் படிவம். ஒரே தாளில், ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் நடுவர் மன்றத்துக்குப் பயன்படும்படி மலாயிலும், வேலையின் விவரம், சரக்கின் வகை, தவணைகள், மறைவேலையைப் பார்க்கும் உரிமை, முடிக்கும் தேதி, நிறுத்திவைக்கும் தொகை ஆகியவற்றுக்கு இடம் விட்டுச் சங்கமே ஒன்றை அச்சிட்டுக் கொடுக்கலாம். பயனீட்டாளர் பிரச்சினைகளில் பல்லாண்டு அனுபவமுள்ள பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்திடம் அதைக் காட்டிக் கருத்துக் கேட்பதும் நல்லது. காலமும் முக்கியம். கெடாவின் தென்பகுதியில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை வலுக்கிறது, தீபாவளியும் அந்த வாரங்களில்தான் வருகிறது. பண்டிகைக்குள் வீட்டை முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் கூரையைப் பிரிப்பதும், எல்லா வேலையையும் ஒப்புக்கொள்ளும் குத்தகையாளரிடம் பேரம் பேசாமல் பணம் கொடுப்பதும் அப்போதுதான் நடக்கின்றன. ஆகவே படிவம் ஜூன் மாதத்துக்குள் உறுப்பினர்களின் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.